பத்து லீக் ஆட்டங்கள், எட்டு உலகக் கோப்பை கோல்கள்: 2002இல் ரொனால்டோவை ஸ்கொலாரி நம்பியது எப்படி?

கேள்வி இதுதான்: 2002 உலகக் கோப்பைக்கு முந்தைய சீசனில் பிரேசிலின் ரொனால்டோ இத்தாலி லீக்கில் ஆடியது பத்தே ஆட்டங்கள். அதற்கும் முந்தைய சீசன் முழுக்க மைதானத்துக்கு வெளியேதான் இருந்தார். அப்படிப்பட்டவரை அழைத்துக்கொண்டு, உள்நாட்டில் கோல் மேல் கோல் அடித்துக்கொண்டிருந்த ரொமாரியோவை விட்டுவிட்டுப் போனாரே கோச் ஸ்கொலாரி, அது கணக்கா, அதிர்ஷ்டமா? ஒரு ஸ்ட்ரைக்கர் நிஜமாகவே ஃபார்முக்குத் திரும்பிவிட்டாரா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

அதிர்ஷ்டம் கொஞ்சம் இருந்தது. இரண்டு முறை கத்தி பட்ட முழங்கால் ஒரு மாதம் முழுக்கத் தாங்கும் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆனாலும் அந்தத் தேர்வைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒழுங்கான கணக்கு இருக்கிறது. கால் தாங்குமா, ஆட்டத்தின் தாளம் வந்துவிட்டதா, இனி அவரால் முடியாததைக் கூட இருப்பவர்கள் செய்வார்களா? இந்த மூன்றும்தான் கேள்வி. கோல் எண்ணிக்கை இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும்.

முதலில் காலைப் பார்ப்போம். 1999 நவம்பர் 21, மிலான் நகரின் சான் சிரோ மைதானத்தில் தன் கிளப்பான இன்டருக்காக லெச்சே அணிக்கு எதிராக ஆடிய ஆட்டத்தில் ரொனால்டோவின் வலது முழங்காலில் தசைநாண் ஓரளவு கிழிந்தது. பாரிஸில் மருத்துவர் ஜெரார் சையான் அறுவை சிகிச்சை செய்தார். 2000 ஏப்ரல் 12, ரோம் ஒலிம்பிக்கோ மைதானத்தில் லாசியோவுக்கு எதிராக, இத்தாலியக் கிளப்களின் கோப்பைத் தொடரான கோப்பா இத்தாலியாவின் இறுதி, அதன் இரண்டு ஆட்டங்களில் முதலாவது. இரண்டாம் பாதியில் மாற்று வீரராக இறங்கினார். ஆறேழு நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்தோடு டிஃபென்டரை நோக்கி ஓடி, அவரை ஏமாற்றப் பந்தின் மேலே காலைச் சுழற்றினார். வலது காலை ஊன்றி உடம்பைத் திருப்பியபோது முழங்கால் விட்டுப்போனது. யாரும் அவரைத் தொடவில்லை. முன்பு ஓரளவு கிழிந்திருந்த அதே தசைநாண் இம்முறை முற்றாக அறுந்தது.

இது எந்த இடம் என்று தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். தொடையின் முன்பக்கத் தசைகள் முழங்கால் சில்லில் வந்து சேர்கின்றன. சில்லுக்குக் கீழே ஒரு தடித்த நாண் அதைக் கீழ்க்கால் எலும்போடு கட்டி வைத்திருக்கிறது. உதைக்கவும் தாவவும் இந்த நாண் வேண்டும், ஆனால் அதிக அடி வாங்குவது ஓடி வந்து சட்டென்று நிற்கும்போதுதான். அந்த நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு இழுவிசை அதில் ஏறுகிறது. ரொனால்டோவின் ஆட்டமே முழு வேகத்தில் வந்து, சட்டென்று நின்று, திசை மாற்றி, மறுபடி முழு வேகம் எடுப்பதுதான். 1996இல் பார்சிலோனாவுக்காக கொம்போஸ்டெலாவுக்கு எதிராக, தன் பாதியிலிருந்தே பந்தோடு கிளம்பி அவர் அடித்த கோலைப் பாருங்கள். அவரைப் பெரிய ஆட்டக்காரர் ஆக்கிய அசைவே அந்த நாணைத் தேய்த்த அசைவும்கூட.

நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தசை சில வாரங்களில் கூடிவிடும். நாண் தன் பழைய உறுதியை அடைய மாதக் கணக்கில் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம். முதல் அறுவை சிகிச்சைக்கும் ரோம் ஆட்டத்துக்கும் நடுவே இருந்தது நாலரை மாதம். இரண்டாவது முறை, 2000 ஏப்ரலிலிருந்து 2001 செப்டம்பரில் இன்டருக்காக மறுபடி ஆடத் தொடங்கும்வரை ஏறக்குறைய பதினேழு மாதம். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கதையின் அடித்தளம் என்று நினைக்கிறேன். இரண்டாம் முறையும் அவசரப்பட்டிருந்தால் ஸ்கொலாரி தேர்வு செய்ய ஆளே இருந்திருக்காது.

கால் தயாரா என்று இன்று மருத்துவக் குழுக்கள் பார்க்கும் முறை எளிது. அடிபட்ட காலின் தொடை வலிமை மற்றக் காலின் வலிமையில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், ஆறு மீட்டர் தூரத்தை ஒற்றைக் காலில் கடக்கும் நேரம் ஆகியவற்றிலும் அதே அளவு வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. மாதக் கணக்கில் ஓய்வில் இருந்தவருக்கு நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தால் ஏமாந்துபோவோம். அதனால்தான் நல்ல கிளப்கள் சீசன் தொடங்கும்போதே எல்லாருடைய அளவையும் எடுத்து வைத்துக்கொள்கின்றன. ஒப்பிட வேண்டியது அந்தப் பழைய அளவோடு.

டிவியில் பார்க்கும் நமக்கு அந்த எண்கள் கிடைக்காது. கண்ணுக்குத் தெரிபவை வேறு. நிற்பதற்கு முன் எத்தனை குட்டி அடிகள் வைக்கிறார் என்று கவனியுங்கள். முழங்காலை நம்புகிறவர் இரண்டு மூன்று அடியில் நிற்பார், நம்பாதவர் ஐந்தாறு அடி எடுத்து வேகத்தைக் கரைப்பார். அடுத்து, முதுகில் டிஃபென்டர் ஒட்டியிருக்கும்போது இரண்டு பக்கமும் திரும்புகிறாரா? எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிறார் என்றால் ஊன்றப் பயப்படும் கால் ஒன்று இருக்கிறது. எதிரணி டிஃபென்டர்கள் இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவது, 60வது நிமிடத்துக்குப் பிறகு ஒரு முழு வேக ஓட்டம் ஓடிவிட்டு அடுத்த அரை நிமிடத்துக்குள் இன்னொன்று ஓட முடிகிறதா? முதல் அரை மணி நேரம் எல்லாரும் நன்றாகத்தான் தெரிவார்கள்.

2001-02 சீசனில் முழங்கால் தாங்கிவிட்டது. சிக்கல் தசையில் வந்தது. டிசம்பரில் ரொனால்டோ கோல் அடிக்கத் தொடங்கினார், உடனே தசைக் காயம், மறுபடி நெடுநாள் வெளியே. இது நீண்ட காயத்திலிருந்து வரும் வீரர்களுக்கு வழக்கமாக நடப்பது. முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள உடம்பு தன்னையறியாமல் ஓட்டத்தின் முறையை மாற்றிக்கொள்கிறது, சுமை பின்தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் போகிறது. போதாததற்கு, ஒன்றரை வருடமாக முழு வேகம் பார்க்காத தசையை வாரம் இரண்டு ஆட்டத்தில் தள்ளினால் அது கிழியத்தான் செய்யும். ரசிகர்கள் இதைப் பார்த்து “ஆள் முடிந்துவிட்டார்” என்று எழுதிவிடுவார்கள். அந்தத் தசைக் காயம் வாரங்களில் ஆறும். மூட்டில் வீக்கம் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதே நிஜமான அபாய மணி. ஆட்டத்துக்கு மறுநாள் முழங்கால் வீங்குகிற வீரரை நான்கு நாளுக்கு ஒரு ஆட்டம் உள்ள போட்டிக்கு அழைத்துப் போகக் கூடாது.

சீசன் முடிவில் கணக்கு இப்படி இருந்தது: இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆவில் 10 ஆட்டம், 7 கோல். மே 5, கடைசி நாள். வென்றால் பட்டம் என்ற நிலையில் இன்டர், லாசியோவிடம் 4-2 என்று தோற்றது. ஆட்டம் முடியும் முன்பே வெளியே எடுக்கப்பட்ட ரொனால்டோ பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். மறுநாள், மே 6, ஸ்கொலாரி தன் 23 பேர் பட்டியலை அறிவித்தார். ரொனால்டோ இருந்தார். ரொமாரியோ இல்லை.

7 கோல் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? பத்து ஆட்டம் மிகச் சிறிய மாதிரி. பொதுவாகப் பத்து ஷாட்டுக்கு ஒன்றுதான் கோலாகிறது, பெனால்டி மட்டும் நான்கில் மூன்று உள்ளே போகிறது. ஆகவே ஒரு மாதத்தில் ஆறு கோல் அடித்தவர் திரும்பிவிட்டார் என்று யாராவது சொன்னால், அதில் எத்தனை பெனால்டி என்று முதலில் கேளுங்கள். பிறகு ஒரு ஆட்டத்துக்கு பாக்ஸுக்குள்ளிருந்து, அதாவது கோலுக்கு முன்னுள்ள பெனால்டி கட்டத்துக்குள்ளிருந்து, எத்தனை முறை அடித்தார் என்று பாருங்கள். மூன்று வாய்ப்பு வந்து மூன்றையும் தவறவிட்ட ஸ்ட்ரைக்கர், ஒரே வாய்ப்பில் ஒரு கோல் அடித்தவரைவிட ஃபார்முக்கு நெருக்கமாக இருக்கலாம். வாய்ப்பு வரும் இடத்தில் போய் நிற்பதுதான் முதலில் திரும்பும், கோல் சில வாரம் கழித்து வரும்.

இதற்கு வரலாற்றில் இரண்டு நல்ல ஒப்பீடுகள் உண்டு. 2010இல் பெர்னாண்டோ டோரஸ் லிவர்பூலுக்காக 22 லீக் ஆட்டத்தில் 18 கோல் அடித்திருந்தார். ஆனால் ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை, உலகக் கோப்பை ஜூனில். ஸ்பெயின் கோப்பையை வென்றது, டோரஸ் ஒரு கோலும் அடிக்கவில்லை. அரையிறுதியில் அவருக்குப் பதில் பெட்ரோவைத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார் ஸ்பெயின் கோச் டெல் போஸ்கே. ஐந்து கோல் அடித்த டேவிட் வியா இல்லையென்றால் ஸ்பெயின் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

மறுபக்கம் 1982, இத்தாலியின் பாவ்லோ ரோசி. ஆட்டச் சூதாட்ட வழக்கில் இரண்டு வருடத் தடை, அது ஏப்ரல் கடைசியில் முடிந்தது. யுவென்டஸுக்காக மூன்று லீக் ஆட்டம், ஒரு கோல். அந்த சீசனில் 15 கோலோடு லீக்கின் முதலிடத்தில் இருந்த ரோமா வீரர் புரூசோவை விட்டுவிட்டு கோச் பேர்சோட் ரோசியை எடுத்தார். முதல் நான்கு ஆட்டத்தில் ரோசி ஒன்றும் அடிக்கவில்லை, பத்திரிகைகள் கிழித்தன. ஐந்தாவது ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக மூன்று, போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் ஒன்று.

உலகக் கோப்பைக்கு முன் டோரஸ், ரொனால்டோ, ரோசி என்ற இந்த மூவரின் லீக் கோல் எண்ணிக்கை வரிசையாக 18, 7, 1. உலகக் கோப்பையில் 0, 8, 6. மூன்று பேரை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் லீக் கோல் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் இதைக் காட்டலாம்.

ரோசிக்குக் காலில் குறையே இல்லை, தாளம்தான் இல்லாமல் இருந்தது. தாளம் என்று எதைச் சொல்கிறேன் என்றால், பாஸ் கிளம்புவதற்கு முன்பே ஸ்ட்ரைக்கர் ஓடத் தொடங்க வேண்டும். அரை நொடி முந்தினால் ஆஃப்சைடு, அரை நொடி பிந்தினால் டிஃபென்டர் முன்னால் வந்துவிடுவார். இது பயிற்சியில் வராது, தீவிரமான ஆட்டத்தில் மட்டும்தான் வரும். பொதுவாக நான்கைந்து முழு ஆட்டமாவது வேண்டும். பேர்சோட் அந்த நான்கு ஆட்டத்தை உலகக் கோப்பைக்குள்ளேயே கொடுத்தார். முதல் சுற்றில் மூன்று டிராவோடு தப்பித்ததால்தான் அது பலித்தது. மிகவும் விலை கூடிய வழி அது.

ஸ்கொலாரி அதை முன்கூட்டியே செய்தார். 2002 மார்ச் 27, ஃபோர்ட்டலேசா நகரில் யூகோஸ்லாவியாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் ரொனால்டோவைத் திரும்ப அழைத்தார். 1999க்குப் பிறகு தேசிய அணியில் அதுதான் முதல் ஆட்டம். முழு நேரமும் ஆட வைக்கவில்லை. ஏப்ரலில் லிஸ்பனில் போர்ச்சுகல். மே 25இல் கோலாலம்பூரில் மலேசியாவுக்கு எதிராக 4-0, அதில் ரொனால்டோவும் ஒரு கோல் அடித்தார். மலேசியாவை அடித்ததில் பெருமை ஒன்றும் இல்லை. சக வீரர் ரிவால்டோவின் பாஸ் எந்த நொடியில் கிளம்பும் என்பதை அவர் உடம்பு மறுபடி கற்றுக்கொள்ள அந்த ஆட்டங்கள் உதவின.

ரொமாரியோ விஷயத்துக்கு வருகிறேன். அவர் 2001 பிரேசில் லீக்கில் 21 கோலோடு முதலிடத்தில் இருந்தவர். நாட்டின் ஜனாதிபதியே அவருக்காகப் பேசினார், ரொமாரியோ பத்திரிகையாளர்கள் முன் கண்ணீர் விட்டார். ஸ்கொலாரி இறங்கவில்லை. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் முடிவில் நியாயம் இருந்தது. ரொமாரியோவுக்கு அப்போது 36 வயது, பாக்ஸைவிட்டு வெளியே வராத ஆட்டம். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஏழு ஆட்டம் அவருக்குக் கடினம். ரொனால்டோவுக்கு 25. இருவரையும் சேர்த்து அழைத்துப் போனால் ஓடாத ஸ்ட்ரைக்கர் இருவர் ஆகிவிடுவார்கள். ஒருவரின் சுமையை அணி தூக்கலாம், இருவருடையதைத் தூக்க முடியாது.

இதுதான் மூன்றாவது கேள்வி, தேசிய அணி வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் விட்டுவிடுவதும் இதுதான். தகுதிச் சுற்றில் பிரேசில் 18 ஆட்டத்தில் ஆறில் தோற்றுத் தட்டுத் தடுமாறி வந்த அணி. 2001 கோபா அமெரிக்காவில் ஹோண்டுராஸிடம் தோற்று வெளியேறியது. ஸ்கொலாரி பின்னால் லூசியோ, எட்மில்சன், ரோக் ஜூனியர் என்று மூவரை நிறுத்தினார். ஓரங்களில் கஃபுவும் ரொபர்ட்டோ கார்லோஸும், நடுவில் ஜில்பர்ட்டோ சில்வா. பந்தைத் துரத்தும் வேலை இவர்களுடையது. பந்தைச் சுமந்து வரும் வேலை ரிவால்டோவுக்கும் ரொனால்டீனியோவுக்கும். கொம்போஸ்டெலாவில் ரொனால்டோ தனியாகச் செய்ததை இங்கே மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவருக்கு மிச்சம் வைத்தது கடைசி பதினைந்து மீட்டர் மட்டும்.

அந்த எட்டு கோல்களையும் வரிசையாகப் பாருங்கள். ஒன்றுகூடப் பெனால்டி கிடையாது. எல்லாமே பாக்ஸுக்குள்ளோ அதன் விளிம்பிலோ. துருக்கிக்கு எதிரான முதல் கோல், ரிவால்டோ அனுப்பிய பந்துக்குக் காலை நீட்டி விழுந்து அடித்தது. சீனாவுக்கு எதிராக, வலது ஓரத்திலிருந்து கஃபு அனுப்பிய பந்தைக் கிட்டத்தில் தட்டிவிட்டது. நான்கு பேரைக் கடந்து போன கோல் என்று ஒன்றும் இல்லை. பழைய ரொனால்டோ திரும்பி வந்தார் என்பது தவறு. வந்தவர் வேறொரு ஸ்ட்ரைக்கர், ஸ்கொலாரி அந்தப் புதியவருக்கு ஏற்றபடி அணியைக் கட்டினார்.

நிமிடக் கணக்கும் கவனிக்க வேண்டியது. ஜூன் 3 துருக்கி ஆட்டத்தில் 73வது நிமிடம் வெளியே. சீனா 72. கோஸ்டா ரிகாவுக்கு எதிராகவும் பெல்ஜியத்துக்கு எதிராகவும் முழு ஆட்டம். இங்கிலாந்து 70. அரையிறுதியில் துருக்கி மறுபடி, 68. இரண்டு முழு ஆட்டங்களுக்குப் பின் காலிறுதியிலும் அரையிறுதியிலும் அவரை 70ஐ ஒட்டி வெளியே எடுத்திருக்கிறார்கள். அதுவும் அரையிறுதியில் 1-0 என்ற மெல்லிய முன்னிலையில், அணியின் முதல் கோல் வேட்டைக்காரரை. களைத்த தசைதான் கிழியும், 70க்குப் பிறகுதான் அது களைக்கும். அணிக்கு அந்தக் கடைசி இருபது நிமிடங்களைவிட ஜூன் 30 இறுதி ஆட்டம் முக்கியமாக இருந்தது.

அரையிறுதிக்கு முன் அவருக்குத் தொடையில் வலி இருந்தது. பத்திரிகைகள் காலைப் பற்றியே கேட்டதால், பேச்சைத் திருப்பத்தான் நெற்றியில் மட்டும் முடி விட்டு மழித்துக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அந்த ஆட்டத்தின் 49வது நிமிடக் கோலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுற்றிலும் துருக்கி டிஃபென்டர்கள், காலைப் பின்னால் இழுத்து அடிக்க இடமில்லை, வலிக்கும் தொடைக்கு அது நல்லதும் இல்லை. ஓட்டத்தின் நடுவிலேயே, காலைப் பின்னுக்கு எடுக்காமல், பூட்ஸின் நுனியால் குத்திவிட்டார். உள்ளரங்கக் கால்பந்தில் வளர்ந்தவர்களின் அடி அது. எப்போது அடிக்கப் போகிறார் என்று கோல்கீப்பர் ருஷ்டுவுக்குத் தெரிய வழியே இல்லை.

இன்று இப்படி ஒருவரை அழைத்துப் போவது எளிது. 1982இல் 22 பேர், இரண்டு மாற்று வீரர்கள். 2002இல் 23 பேர், மூன்று மாற்று. 2022 உலகக் கோப்பையிலிருந்து 26 பேர், ஐந்து மாற்று. முழுமையாகத் தேறாத ஸ்ட்ரைக்கருக்கு ஒரு இடம் கொடுப்பது இப்போது பெரிய இழப்பு இல்லை. ஆனால் ஐந்து மாற்று இருப்பதால் 20 நிமிட வேலைக்கென்றே ஒருவரை எடுக்கலாம் என்ற நிலையும் வந்துவிட்டது. அப்படி எடுக்கப்பட்டவர் தொடக்கத்திலிருந்து ஆடத் தயார் என்று அர்த்தமில்லை. காயத்திலிருந்து வந்த ஸ்ட்ரைக்கரைப் பற்றி அடுத்த முறை விவாதம் எழும்போது, கடைசி எட்டு வாரத்தில் எத்தனை முறை 60 நிமிடத்துக்கு மேல் ஆடினார், அவற்றுக்கிடையே எத்தனை நாள் இடைவெளி என்பதை எழுதிப் பாருங்கள். ஐந்து நாளுக்குள் இரண்டு முறை 60ஐத் தாண்டி, மூன்றாவது ஆட்டத்துக்கும் வந்து நிற்கிறார் என்றால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு நல்ல ஆட்டத்துக்குப் பிறகும் பத்து நாள் காணாமல் போகிறார் என்றால், கோல் எத்தனை அடித்திருந்தாலும் தொடக்க பதினொருவரில் வைக்கத் தயங்குவேன்.

மேலே 60வது நிமிடத்துக்குப் பிறகு அடுத்தடுத்து ஓட முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன் அல்லவா? யோகோஹாமா இறுதி ஆட்டத்தின் 67வது நிமிடம் அதற்குச் சரியான பாடம். அதுவரை அந்தத் தொடரில் ஒரே ஒரு கோல்தான் விட்டிருந்தார் ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கான். ரொனால்டோ பந்தை இழந்தார், நின்றுவிடாமல் திரும்ப வந்து ஜெர்மனியின் ஹாமனிடமிருந்து பறித்தார், ரிவால்டோவிடம் கொடுத்தார், கொடுத்த கையோடு கோலை நோக்கி ஓடினார். ரிவால்டோ அடித்த பந்து கானின் நெஞ்சுப் பக்கம் போய் நழுவியது. அது தரையில் உருண்ட இடத்தில் ரொனால்டோ ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். பன்னிரண்டு நிமிடம் கழித்து, க்ளேபர்சன் வலப்பக்கமிருந்து கொடுத்த பந்தை ரிவால்டோ தொடாமல் விட, நின்று நிதானமாக வலது காலால் மூலையில் இரண்டாவதை வைத்தார். 90வது நிமிடம் டெனில்சன் உள்ளே வரும்வரை அந்த முழங்கால் அவரைத் தாங்கியது.